சாய முடியாத பெஞ்சு

மார்ச் 4

அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "இப்பவாவது கேட்கத் தோணுச்சே" என்பாய். அதனால் கேட்கவில்லை.

போனில் நான் "ம்" மட்டும்தான் போடுகிறேன் என்று போனையே எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, கடிதம் எழுதுகிறேன். ஒரு நல்ல செய்தி. வீடு கட்ட வரைபடம் கேட்டு எங்கள் ஆபீசுக்கு ஒரு வங்கி அதிகாரியம்மா வந்துகொண்டிருந்தாரே, நான் போட்டுக் காட்டிய எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் ஒரு கனவு. ஒரு வீட்டுக்குள் நடக்கிறேன். சமையலறை, மாடிப்படி, ஜன்னல் எல்லாம் அளவோடு தெரிகிறது. எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் வரைந்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "யோவ், இத்தனை நாளா இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். அதிகாரியம்மாவும் பார்த்தவுடன் சரி என்றார்.

நம் மூளைக்குள் நமக்கே தெரியாத ஒரு கிடங்கு இருக்கிறதாம். தூங்கும்போதுதான் அது திறக்குமாம். வாரப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எனக்குள் இப்படி ஒரு கலைஞன் இருந்திருக்கிறான் பார். வரைபடத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பாய்? எப்போது வருகிறாய்?

உன் கணவன்

மார்ச் 9

உறங்கும் கலைஞருக்கு,

உங்கள் மூளை தூங்கும்போதுதான் வேலை செய்யும் என்பது எனக்குப் பழைய செய்தி. அதற்குப் பத்திரிகை வாங்கியிருக்க வேண்டாம்.

வரைபடத்தை நான் பிரிக்கவில்லை. அக்காவின் தையல் மெஷின் மேல் கிடக்கிறது. சொந்த வீட்டில் நான் வாய் திறந்தாலே கொட்டாவி விட்டவர், ஊரார் வீட்டைக் கனவு காண்கிறாராம். பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கோபித்துக்கொண்டு வந்ததாக எல்லாரிடமும் சொல்கிறீர்களாமே. கோபம் இல்லை, அலுப்பு. படுத்ததும் நான் பேசுவேன். நீங்கள் "ம்" என்பீர்கள். அடுத்த "ம்" குறட்டையாக வரும். சுவரோடு பேசியிருந்தால் எதிரொலியாவது கேட்டிருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. இத்தனை வருஷத்தில் நான் உங்களிடம் சொன்னதில் ஏதாவது ஒன்றை, ஒன்றே ஒன்றை, நீங்களாக நினைவுபடுத்தி எழுதுங்கள். அன்றைக்கே பெட்டியைக் கட்டுகிறேன். பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் கணக்கில் வராது.

இப்போதைக்கு உங்கள் மனைவி

மார்ச் 17

அன்பு மனைவிக்கு,

ரொம்ப யோசித்தேன். நீ நிறையச் சொல்லியிருக்கிறாய் என்பது நினைவிருக்கிறது. என்ன சொன்னாய் என்பதுதான் பிடிபடவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடு.

ஆபீஸ் தொல்லை வேறு, மண்டை காய்கிறது. அதிகாரியம்மா ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து அளவு பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டி அவருடைய இடுப்புக்கும் கீழேதான் வருகிறதாம். அலமாரி எல்லாம் குனிந்து எடுக்கிற உயரமாம். "குழாய் ஏன் சார் இந்தப் பக்கம் இருக்கு? கரண்டி டிராயரும் இடது பக்கம். எங்க வீட்ல யாருக்கும் இடது கைப் பழக்கம் இல்லையே" என்கிறார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பெஞ்சு, சுவரை ஒட்டாமல் வரைந்திருக்கிறேன். "இதுல சாயவே முடியாது. யாரு உட்காருவா?" என்று அதற்கும் ஒரு கேள்வி. தச்சர் என் காதோரம், "யார் அளவு சார் இது?" என்கிறார்.

எனக்கென்ன தெரியும்? கனவில் வந்த அளவு. இடது கைப் பழக்கமுள்ள ஒரு குட்டைப் பெண்ணை என் மூளை எங்கிருந்துதான் பிடித்ததோ.

உன் கணவன்

மார்ச் 21

இடது கைப் பழக்கமுள்ள குட்டைப் பெண் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்து அக்கா சிரித்த சிரிப்பில் தையல் கோணிப் போனது. அதற்குப் பிறகுதான் வரைபடத்தைப் பிரித்தேன்.

தொட்டி என் இடுப்புக்கு மேல் நாலு விரல். குனிந்து குனிந்து முதுகு போகிறது என்று சொன்னேனே, அது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஜன்னல், துணி மூட்டையோடு ஏறும்போது நின்று மூச்சு வாங்க. குளியலறைக்கு வெளியே கையகல மாடம், மூக்குக்கண்ணாடி வைக்க. நமக்கென்று ஒரு வீடு கட்டினால் என்று, படுத்தபடி நான் சொல்லிச் சொல்லிக் கட்டிய வீடு இது. அதை நீங்கள் ஒரு அதிகாரியம்மாவுக்கு வரைந்து கொடுத்துவிட்டு, கலைஞன் என்று மார் தட்டிக்கொள்கிறீர்கள். உங்களை என்னதான் செய்வது?

அழுதேன். சந்தோஷத்திலா, ஆத்திரத்திலா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் உள்ளே போயிருக்கிறது. உங்களுக்குள் ஒருவர் உட்கார்ந்து இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் நான் கட்டிக்கொண்டது அவரை இல்லை, விழித்திருக்கிற உங்களை. கனவில் வந்தது கணக்கில் சேராது. நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த பெஞ்சை நான் சொல்லவே இல்லை. அது யாருக்கு?

ஏப்ரல் 2

வாயாடிக்கு,

அதிகாரியம்மாவிடமிருந்து வரைபடத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். "மன்னிக்கணும், இது வேற ஒருத்தங்க வீடு" என்றேன். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த அம்மாவுக்கு நிம்மதிதான்.

பெஞ்சு யாருக்கென்று யோசித்தேன். கிடங்கு திறக்கவில்லை. நம் சமையலறையில், அடுப்புப் பக்கம், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து நீ நிற்கிற இடம் தெரிகிறது. தொட்டிக்கு முன்னால் அந்த இடத்தில் மட்டும் தரை தேய்ந்திருக்கிறது. இவ்வளவு நாள் அதை நான் பார்த்ததே இல்லை. பெஞ்சு எனக்குத்தான், நீ பேசும்போது நான் உட்கார.

அங்கே இருக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. சத்தியமாக முழித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ கிளம்பிய அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே, "பேசிப் பேசித் தொண்டை வலிக்குதுங்க" என்றாய். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மாத்திரை அலமாரியில இருக்கு" என்றேன்.

இது கணக்கில் வருமா?

உன் தூங்குமூஞ்சி

ஏப்ரல் 6

தூங்குமூஞ்சிக்கு,

வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவேன். தொண்டை சரியாகிவிட்டது, பேச நிறைய இருக்கிறது. ஸ்டூல் அங்கேயே இருக்கட்டும். சுவரோரம் மட்டும் நகர்த்திவிடாதீர்கள். சாய்ந்தால் தூங்கிவிடுவீர்கள்.

வாயாடி