நாலு கட்டத்திலும் ‘இல்லை’

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். பிள்ளையின் ஸ்கேன் படத்தோடு நீ அனுப்பிய கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கேள்விக்கு அவசியமே இல்லை என்று தெரிந்துகொண்டேன். அங்கே உன் மாடி வீட்டு அக்கா சூப் வைத்துத் தருகிறாள். மாடி வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறாள். கால் வீங்கினால் தலையணை அடுக்கித் தருகிறாள். நாலு பக்கத்தில் பதினேழு இடத்தில் ‘அக்கா’ என்று எழுதியிருக்கிறாய். பதினாறு அவளுக்கு. மேலே ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று இருக்கிற ஒன்று மட்டும் என் பங்கு.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிக்கிறாய். நான் ஒரு வார்த்தை சொன்னால் மாடி வீட்டிலிருந்து இரண்டு வார்த்தை வருகிறது. போன வாரம் உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று உன்னைக் கேட்டேன். அவள் பதில் சொன்னாள். அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. வீட்டுக்குக் கீழே ஸ்டுடியோவில் வேலை குறைவில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்குத்தான் கூட்டம். காலையிலிருந்து சாயங்காலம் வரை, “நேரா பாருங்க, சிரிக்காதீங்க, காது தெரியணும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அப்பா போய் ஒரு வருஷமாகியும் மணிக்கொரு தரம் என் கால் தானாக மாடிப்படிப் பக்கம் திரும்புகிறது. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் அது. முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன்.

ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் என்ன நடந்தது என்பதைக் கேள். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வாங்கினோமே, அதேதான். நாலு மாதம் முன்னால் காலாவதியாகிவிட்டது. முதலாளியே போட்டோ எடுத்தார். “சிரிக்காதம்மா” என்றார். “நான் சிரிக்கலையே” என்றேன். கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, “ஆமா, பழக்கதோஷம்” என்றார்.

காலாவதியானதால் ஆதியிலிருந்து எல்லாம் கேட்பார்கள் என்று நினைத்தேன். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்து என்று ஒரு பையே நிறைய எடுத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தாள். பையைப் பார்த்ததும், “இதெல்லாம் உள்ளே வைங்க. பெரியவங்க பாஸ்போர்ட், கையில இருக்கு, காலாவதியாகி ரொம்ப நாளும் ஆகலை. எளிய முறையிலேயே முடிஞ்சிடும்” என்று ஒற்றைத் தாளை நீட்டினாள். பழைய பாஸ்போர்ட், இரண்டு போட்டோ, அந்தத் தாள். அவ்வளவுதான் வேலை.

தாளில் நாலு கேள்வி. பெயர் மாறியிருக்கிறதா. முகவரி மாறியிருக்கிறதா. திருமண நிலை மாறியிருக்கிறதா. பழைய பாஸ்போர்ட் தொலைந்தோ சேதமாகியோ இருக்கிறதா. ஆமாம், இல்லை என்று பக்கத்தில் கட்டம். நாலிலும் ‘இல்லை’ போட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருத்தி நின்றாள். கல்யாணமாகிப் பெயர் மாறி, ஊர் மாறி, இரண்டாவது வீடும் மாறிவிட்டதாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சான்றிதழ். கட்டைவிரல் தடிமனுக்கு ஃபைல். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்து, “உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்கு, ஒரே தாள்ல முடிஞ்சிடுச்சே” என்றாள். எனக்கு அவளுடைய ஃபைல் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கண்ணாடிக்காரம்மா என் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்துக்கு அப்புறம் எல்லாமே வெள்ளை. “புத்தம் புதுசா இருக்கே. எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கீங்க” என்று பாராட்டினாள். அப்புறம் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “முகம்கூட அப்படியேதான் இருக்கு. உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்த எளிய முறையே” என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மின்விசிறித் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

குட்டி, அப்பா காரியத்துக்கு நீ ஐந்து நாள் வந்திருந்தாயே, அப்போது ஒரு காரியம் செய்தேன். நீ குளிக்கப் போயிருந்தபோது உன் கைப்பையைத் திறந்து உன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முத்திரையாகப் படித்தேன். நீ எனக்குச் சொல்லாத ஊர்கூட இரண்டு இருந்தது. உன் வீட்டுக்காரரோடு போயிருப்பாய். அப்பா அடுத்த அறையில் இல்லையே என்று அழ வேண்டிய வேளையில் நான் உன் முத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, “என்னக்கா ஒரு மாதிரி இருக்கே” என்றாய். அப்பாவை நினைத்துக்கொண்டேன் என்றேன்.

ஒரே படிப்புதான் படித்தோம். நீ இப்போது வேலை பார்க்கிற அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வேலைக்கு இரண்டு பேருக்கும் உத்தரவு வந்தது. அதே மாதம் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. யார் போவது, யார் இருப்பது என்று நாம் பேசவே இல்லை. நீ பெட்டியைத் திறந்தாய், நான் துணி மடித்துக் கொடுத்தேன். இத்தனை வருஷமும் அதை நான் விட்டுக்கொடுத்ததாக ஊருக்குச் சொல்லிவந்தேன். நீ பறித்துக்கொண்டதாக எனக்குச் சொல்லிவந்தேன். இரண்டும் சரியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீ மூன்று தடவை ‘வாக்கா’ என்று கூப்பிட்டாய். டிக்கெட்டே எடுக்கிறேன் என்றாய். அப்பாவை யார் பார்ப்பது என்று மூன்று தடவையும் சொன்னேன். சித்தப்பா ஒரு மாதம் வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. வந்தால் உன் வீட்டைப் பார்க்க வேண்டும், நீ சீருடை போட்டுக்கொண்டு வார்டுக்குக் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். வயிறு எரியும். இங்கே இருந்தால் தியாகி என்ற பெயராவது மிஞ்சும். அதற்கப்புறம் நீ கூப்பிடுவதை விட்டுவிட்டாய். உன்மேல் தப்பில்லை. எத்தனை தடவைதான் ஒருத்தி கதவைத் தட்டுவாள்.

இந்தக் கடிதத்திலும் நீ கூப்பிடவில்லை. “நீ ஒண்ணும் கவலைப்படாதே, பிரசவத்துக்கு மாடி அக்கா இருக்காங்க” என்று எழுதியிருக்கிறாய். என் மனசு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பாய். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க யாரையும் சரியாகப் போட்டோ எடுக்கவில்லை. ஒரு கிழவருக்குத் தலை பாதி வெட்டுப்பட்டுவிட்டது. உன் மாடி அக்கா பேக்கரியில் வேலை பார்க்கிறாள் என்கிறாய். மாவு உப்புவது தெரியும். உன் கால் எதனால் உப்புகிறது என்று அவளுக்குத் தெரியுமா. அப்பா படுக்கையில் விழும் முன் நான் பிரசவ வார்டில் இரண்டு வருஷம் நின்றவள். நீயும் நர்ஸ்தான், தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ரத்த அழுத்தத்தைக் காலையும் மாலையும் பார்த்து எழுதி வை. தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ சூப்புக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. அவளையும் கூட்டிக்கொண்டு போ. நல்லவளாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த பாஸ்போர்ட் தாளின் கடைசியில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு இடம். உன் பெயரை எழுதினேன். “இவங்க வெளிநாட்டுல இருக்காங்களே, பக்கத்துல யாருமில்லையா” என்று கண்ணாடிக்காரம்மா கேட்டாள். “இவதான்” என்றேன். அப்புறம், “எங்கேயாவது கிளம்புறீங்களா” என்று பேச்சுவாக்கில் விசாரித்தாள். “தங்கச்சிக்குப் பிரசவம். வரச்சொல்லியிருக்கா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பின்னால் வரிசையில் இரண்டு பேர், நல்லபடியா போயிட்டு வாங்க என்று வாழ்த்தக்கூடச் செய்தார்கள்.

ஒன்பதே நாளில் தபாலில் வந்துவிட்டது. இன்னும் பத்து வாரம் இருக்கிறது உனக்கு. சேமிப்பில் டிக்கெட்டுக்கு இருக்கிறது, நீ எடுக்க வேண்டாம். ஸ்டுடியோவில் இரண்டு மாதம் லீவு கேட்டேன். “போயிட்டு வாம்மா, நாற்காலி உனக்குத்தான்” என்றார் முதலாளி. உன் வீட்டில் இடமில்லை என்றால் கூடத்தில் படுத்துக்கொள்வேன். மாடி வீட்டில் வேண்டுமானாலும் படுத்துக்கொள்கிறேன், அவள் ஒப்புக்கொண்டால்.

குட்டி, தாயும் பிள்ளையுமாக நீ நல்லபடியாகப் பிழைத்து எழுந்திருக்க வேண்டும். உனக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, அவள் கையைப் பிடித்துக்கொள். நான் அதற்குள் வந்துவிட்டால் என் கையைப் பிடி. அரசாங்க ஆபீசில் இத்தனை பேர் முன்னால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த அக்கா