தக்காளிப் பாத்தியில் விழுந்த பந்துகள்

மச்சான்,

புது நைலோன் கயிற்றின் மணம் இன்று முழுவதும் என் கையை விட்டுப் போகவில்லை. ஜேர்மனியின் வுப்பர்டாலில் நாம் பேஸ்போல் விளையாடிய அதே மைதானத்தில், வெளிவேலிக்கு மேலே மரங்களைவிட உயரமாக வலை கட்டிவிட்டார்கள். இன்று அதற்குத் திறப்பு விழா. நீ இறந்து பனிகூடக் கரையவில்லை, அதற்குள் வலை வந்துவிட்டது. வயிறு எரிகிறது எனக்கு.

நீ கிரிக்கெட்டிலிருந்து வந்தவன். முதல் நாள் நீ அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. நீயோ மட்டையையும் பிடித்துக்கொண்டு தளங்களைச் சுற்றி ஓடினாய். பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மட்டையைப் போட்டிட்டு ஓடினால் ஊரிலை ஏசுவினம்" என்றாய்.

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான்கு தளங்களையும் சுற்றிவந்தால்தான் ஒரு ஓட்டம். நீ வருவதற்கு முன்பு எங்கள் அணியில் ஒருவன் முதல் தளத்துக்குப் போவான், அடுத்தவன் அவனை இரண்டாவதுக்கு நகர்த்துவான், அதற்குள் மற்றவர்கள் ஆட்டமிழந்துவிடுவார்கள். தளத்தில் நின்றவன் நின்றதுதான் மிச்சம். நீ வேலிக்கு மேலாக ஒரு ஹோம் ரன் அடித்தால் தளங்களில் நின்ற அத்தனை பேரும் ஆறுதலாக நடந்துவந்து ஓட்டம் சேர்த்தார்கள். அடுத்தது நீ என்ற பயத்தில், தவறான பந்து போட்டு என்னைச் சும்மா தளத்துக்கு அனுப்பிவிடக்கூடாதென்று, எதிரணிக்காரன் உனக்கு முன்னால் ஆடிய எனக்கு அடிக்கத்தக்க பந்துகளாகவே போட்டான். நானும் ஒரு ஆட்டக்காரன் ஆனது அப்படித்தான்.

வேலிக்குப் பின்னால் தோட்டச் சங்கத்தாரின் சின்னச் சின்னத் தோட்டங்கள். உன் பந்துகள் அவர்களின் தக்காளிப் பாத்தியில் விழுந்தன, ஒரு கண்ணாடிக்கூடும் உடைந்தது. அவர்கள் முறையிட்டார்கள், அதில் நியாயம் உண்டு. எங்கள் கிளப் அன்றைக்கே வலை கட்டியிருக்க வேண்டும். கட்டினார்களா? பயிற்சியாளர் உன்னைக் கூப்பிட்டு, "இனித் தாழ்வாக அடி, இல்லாவிட்டால் அணியில் இடமில்லை" என்றார். கோல் போடாதே என்று எந்த உதைபந்தாட்டக்காரனிடமாவது இந்த நாட்டில் சொல்வார்களா? நான் சண்டைக்குப் போனேன். நீதான் என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"விடு மச்சான். அவையின்ரை தோட்டம், நாங்கள்தான் பாத்து அடிக்கோணும். எனக்கு விளையாடக் கிடைச்சால் காணும்."

கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? தோற்றால் கீழ்ப்பிரிவு. மூன்று ஓட்டம் பின்னால் நின்றோம், மூன்று தளங்களிலும் எங்கள் ஆட்கள், கடைசி வாய்ப்பு உனக்கு. ஒரு ஹோம் ரன் அடித்தால் நான்கு ஓட்டம், வென்றுவிடுவோம். நான் முதல் தளத்தில் நின்று பார்த்தேன், பந்து உனக்குப் பிடித்த இடத்துக்கே வந்தது. "தாழ்வாக!" என்று பயிற்சியாளர் கத்தினார். நீ தரையோடு தட்டினாய். பந்து நேரே எதிரணிக்காரனின் கைக்குப் போனது, தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் அந்த மனிதர் எல்லோருக்கும் கேட்க, "முக்கியமான நேரத்தில் இவனிடம் பலமில்லை" என்றார். என்ன நெஞ்சழுத்தம்! நீ சப்பாத்தைக் கழற்றியபடி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாய்: "அந்தப் பந்து போயிருக்கும் மச்சான்." பிறகு நீ அந்த மைதானத்துப் பக்கமே வரவில்லை.

வலை இப்போது யாருக்காக வந்தது தெரியுமா? பயிற்சியாளரின் மகன் வேலிக்கு வெளியே அடிக்கத் தொடங்கிவிட்டான். நல்ல பிள்ளை, அவனில் எனக்குக் கோபமில்லை. இன்று அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பயிற்சியாளர் பேசினார். "ஹோம் ரன் அடிக்க ஆளில்லாமல் எந்த அணியும் மேலே போகாது. இப்போதுதான் எங்களுக்கு அப்படி ஒருவன் கிடைத்திருக்கிறான்."

இப்போதுதானாம்! நான் எழும்பினேன். "முன்பே ஒருவன் இருந்தான்" என்று உன் முழுப்பெயரையும் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லக்கூடாதா என்று யாரோ சிரித்தார்கள். முடியாது என்றேன்.

இந்தக் கோபம் ஆறாது, ஆற விடவும் மாட்டேன். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான். உன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, பயிற்சியாளரைத் திருப்பிச் சொல்லக் கேட்டேன். பாதியில் தடுமாறினார். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.