ஆறாவது கதிரை

19 நவம்பர் 2024, செவ்வாய்

கத்தரிக்காய்ப் பெட்டியில் பாதி அழுகல். கொண்டுவந்தவனுக்கு நல்லாய் ஏச்சுக் கொடுத்தேன். "துஷ்யந்தி, நீ வாயைத் திறந்தால் லாச்சப்பல் கடைத்தெரு முழுக்கக் கேக்கும்" என்று கடை முதலாளி குலசேகரம் அண்ணை சிரித்தார். கேட்கட்டும். அழுகல் காய்க்கு நான் ஏன் பொறுமையாய் இருக்கவேணும்?

வீட்டுக்கு வந்தால் நீதிமன்றத்தில் இருந்து கடிதம். இவர் அதை மேசையில் வைத்துவிட்டுத் தொடாமல் நிற்கிறார். "என்னப்பா செய்தனீ? மெத்ரோவிலை டிக்கற் இல்லாமல் போனனியே?" இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனிசன் கேட்கிற கேள்வி. றெமிஜியசுக்கு அரசாங்க முத்திரையைக் கண்டாலே பயம். எனக்கு மட்டும் என்ன வாழுதாம்?

மகள் நதாலி வேலையால் வந்துதான் வாசித்தாள். வாக்காளர் பட்டியலில் சீட்டுக் குலுக்கி என் பெயரை எடுத்திருக்கிறார்களாம். கொலை வழக்குக்கு நீதிபதிகளோடு சாதாரண சனமும் இருந்து தீர்ப்புச் சொல்லவேணுமாம். ஜூரி. "செ பியன், மமோன்" என்று கட்டிப்பிடித்தாள். என்ன பியன்? இதிலை என்ன நல்லது? எனக்குப் பிரெஞ்சு விளங்கும், அவ்வளவுதான். கதைக்க வெளிக்கிட்டால் பாண் கடைக்காரியே திருப்பித் திருப்பிக் கேட்கிறாள்.

8 ஜனவரி 2025, புதன்

ஜூரிக்குப் போக ஏலாது என்று டொக்ரர் கடிதம் தரமாட்டாராம். சீனி வருத்தத்துக்கும் முழங்கால் நோவுக்கும் நீதிமன்றம் விடாதாம். போகாவிட்டால் தண்டம். இவர் சொல்கிறார்: "பேசாமல் போய் இருந்திட்டு வாவன். என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு."

3 பெப்ரவரி, திங்கள்

ஆறு கதிரை. பெயர் கூப்பிட்டால் எழும்பி நடந்து போய் இருக்கவேணும். போகிற வழியில் அரச தரப்பு வழக்கறிஞரோ மற்றப் பக்கத்து அவொக்காவோ வேண்டாம் என்று சொன்னால் தப்பிவிடலாம். எனக்கு முன்னால் போன ஒரு மனிசியை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். ஆறாவதாய் என் பெயர். அந்தோனியாரே, என்னையும் வேண்டாம் எண்டு சொல்லச் செய்யும் என்று மன்றாடிக்கொண்டு, வேணுமென்றே மெல்ல நடந்தேன்.

குற்றம் சாட்டப்பட்டவரின் அவொக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் ஆளைப் பார்த்தாள். அவனும் எங்கள் நிறம்தான். என்னை வேண்டாம் என்று சொல்லாமல் விட்டாள். ஏன் விட்டாள் என்று எனக்கு விளங்கியது. போய் இருந்தேன்.

அவன் பெயர் மாமுன். பங்களாதேஷ். உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். மார்க்ஸ் டோர்மோயில் ஒரே அறையில் இருந்தவனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக வழக்கு. வந்து பார்த்தபோது குத்துப்பட்டுக் கிடந்தான், நான் காயத்தைப் பொத்திப் பிடித்தேன் என்கிறான் இவன். முன்வரிசையில் மாமுனின் அக்கா. சென் தெனியில் இருக்கிறாளாம்.

5 பெப்ரவரி, புதன்

பொலிசில் அவன் சொன்னதை இன்று வாசித்தார்கள். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சண்டை பிடித்தாயா? வுய். கோபமாய் இருந்தாயா? வுய். கத்தி உன் கையில் இருந்ததா? வுய். நீதான் குத்தினாயா? வுய். எல்லாத்துக்கும் வுய், ஓம் எண்டு.

"பயத்தில் சொன்னேன்" என்றான் இன்றைக்கு. கொல்லாதவன் பயத்துக்காகக் கொன்றேன் என்று சொல்வானா என்று அரச தரப்பு கேட்டது. பக்கத்துக் கதிரை ஷார்லோத் அதை அப்படியே எழுதிவைத்தாள். என்னோடு அன்பாய்ப் பழகுகிற மனிசிதான்.

பயத்திலை நானும் அப்பிடிச் சொல்லேல்லையே? அகதிக் கேஸ் விசாரிக்கேக்கை மொழிபெயர்ப்பாளர் வாயை மூட முதல் வுய் சொன்னவள் நான். இயக்கத்துக்குச் சமைத்துக் கொடுத்தீர்களா? வுய். விருப்பத்தோடா? வுய். ஒரு நாளும் சமைக்கேல்லை. அந்த மேசை, அந்தக் குரல், எப்ப வெளியிலை விடுவாங்கள் எண்ட ஒரே நினைப்பு. கேஸை நிராகரிச்சாங்கள். நாலு வருஷம் பேப்பர் இல்லாமல் ஒளிச்சுத் திரிஞ்சம், அதிலை பத்து மாசம் நதாலியை வயித்திலை வைச்சுக்கொண்டு.

அவன் கொன்றானா இல்லையா, நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வுய் ஒரு சதத்துக்கும் உதவாது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? சட்டையில் இரத்தம். அதுக்கு அவன் காரணம் சொல்கிறான், நான் நம்புகிறேன். கடவுளறிய நம்புகிறேன்.

இதை அங்கை ஆர் சொல்லுறது? என்னை விட்டால் அந்தக் கூட்டத்திலை ஆருக்குத் தெரியும்?

6 பெப்ரவரி, வியாழன்

மூன்று நீதிபதிகள், ஆறு நாங்கள். குற்றவாளி என்று சொல்ல ஒன்பதில் ஏழு வேணும். மூன்று பேர் இல்லை என்று எழுதினால் அவன் வீட்டுக்குப் போகலாம்.

வழக்கைப் பற்றி நதாலியிடம் மூச்சு விடவில்லை. "நான் இதுக்கு உடன்படேல்லை எண்டு பிரெஞ்சிலை வடிவாய் எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். ஒரு வசனம் சொல்லித் தந்தாள். பிறகு "செ தூ, மமோன்" என்றாள். அவ்வளவுதானாம். அந்த வசனத்தைக் குசினியில் சோறு வடிக்கும்போது சொன்னேன், குளிக்கும்போது சொன்னேன். அது கஷ்டமான வசனமே இல்லை. அதுக்குப் பிறகு ஏன் என்று கேட்பார்களே, அதுக்கு எத்தனை வசனம் வேணும்?

7 பெப்ரவரி, வெள்ளி

மாமுனுக்குப் பதினெட்டு வருஷச் சிறை. உள்ளே நடந்ததைச் சாகும்வரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது, இங்கேயும் எழுதமாட்டேன்.

8 பெப்ரவரி, சனி

தீர்ப்பு வாசித்தபோது மாமுனின் அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பன். வாங்கிலை இருந்தபடியே குனிஞ்சு, நெத்தியை முழங்காலிலை வைச்சுக்கொண்டு கிடந்தாள். அவொக்கா மற்ற ஆரையும் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தாள். நான் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

"அந்த வசனம் சொன்னியா, மமோன்?" என்று நதாலி கேட்டாள். பாய்ந்து விழுந்தேன். உனக்கு என்ன தெரியும், உன்ரை வேலையைப் பார் என்று. பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. அதுவும் என்னாலைதான்.

16 பெப்ரவரி, ஞாயிறு

பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பங்குச் சுவாமிக்குச் சொன்னாலும் சொன்னதுதானே. சொல்லாமல் இருக்க என்னாலை ஏலாமலும் கிடக்கு.

இவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். "நீ மட்டுமே தீர்ப்புச் சொன்னனீ, ஒன்பது பேரெல்லே?" பாவம், தேற்றுகிறாராம். ஒன்பது பேரிலை எனக்கு மட்டுமெல்லோ தெரிஞ்சது.

சாப்பாடு இறங்குதில்லை. எங்கையாவது போய் விழுந்து செத்தால் என்ன எண்டு கூட வருது.

21 மார்ச், வெள்ளி

மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ வாசலில் பக்கத்துக் கதிரை ஷார்லோத்தைக் கண்டேன். மாமுன் மேல்முறையீடு செய்திருக்கிறானாம், அடுத்த வருஷம் பொபினி நீதிமன்றத்தில் திரும்ப விசாரிப்பார்களாம். "நாங்கள் சரியாய்த்தான் செய்தோம், இல்லையா?" என்றாள்.

வுய் எண்டன். என்ரை வாய்க்குச் செருப்பாலை அடிக்கவேணும்.

20 ஜனவரி 2026, செவ்வாய்

நதாலி விசாரித்து மேல்முறையீட்டு வழக்கின் திகதியை எடுத்துத் தந்தாள். ஏன் என்று கேட்கவில்லை, நல்ல பிள்ளை. குலசேகரம் அண்ணையிடம் லீவு சொல்லிவிட்டு விடிய பொபினிக்குப் போனேன். பொதுமக்கள் இருக்கிற வாங்கில் யாரும் போய் இருக்கலாம். மாமுன் மெலிந்து போனான். தலைமயிர் முன்பக்கம் கொட்டிவிட்டது.

இடைவேளைக்கு வெளியே வந்தபோது அந்த அக்கா நேரே என்னிடம் வந்தாள். அவளுடைய பிரெஞ்சும் என்னுடையது மாதிரித்தான், உடைஞ்ச பிரெஞ்சு.

"நீங்கள் முதல் வழக்கில் மேலே நீதிபதிகளோடு இருந்தீர்கள்."

ஓம் என்றேன்.

"என் தம்பி சொன்னதை நம்பினீர்களா?"

வாயைத் திறந்தால் குற்றம். மறியலில் கூடப் போடுவார்களாம், முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இரண்டு பொலிஸ்காரர் கைக்கெட்டுகிற தூரத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நம்பினேன்," என்றேன். "அவன் சொன்ன எல்லாத்தையும் நம்பினேன்." என் சத்தம் கூடிப்போச்சு எண்டு எனக்கே பட்டது. ஒரு பொலிஸ்காரன் திரும்பிப் பார்த்தான்.

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"பிறகு ஏன்?"

அந்த அறையில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு இருந்ததையும், தலைமை நீதிபதி கடிகாரத்தைப் பார்த்ததையும், நதாலி சொல்லித் தந்த வசனத்தை நான் சொல்லாமல் விட்டதையும், என் கை அந்த வாக்குத் துண்டில் தானாய் வுய் என்று எழுதியதையும் சொல்ல எனக்குப் பிரெஞ்சு இல்லை.

"பயத்தில்," என்றேன்.

அவள் நம்பினாளோ தெரியாது.