மூன்றாம் மாடி அக்காவின் மௌனம்

ஜனவரி 4, ஞாயிறு

காலை ஏழு மணி வரை பனி. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. பால் வாங்கி வந்து கஞ்சி வைத்தேன். அடி பிடித்தது. என் மனைவி பெனிட்டா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஸ்லேட்டில் எழுதினாள்: "பரவாயில்லை." அழித்துவிட்டு இன்னொன்று: "நாளைக்கு பிரெட் வாங்கிடுங்க."

அவளுக்கு ஆபரேஷன் நடந்தது வெள்ளிக்கிழமை, பெங்களூரில். குரல்நாணில் இருந்த சதைக்கட்டியை வாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லையாம், ஸ்தோத்திரம். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் உத்தரவு:

– பதினாலு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது
– கிசுகிசுவென்றும் பேசக்கூடாது (அது இன்னும் மோசமாம்)
– கனைக்கக்கூடாது, பலமாகச் சிரிக்கக்கூடாது
– குளிர்காற்று ஆகாது. எப்போதும் மஃப்ளர்

குரல் திரும்புமா என்று கேட்டேன். திரும்பும், பழைய குரலேதானா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். பெனி என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

அவள் பிழைப்பே குரல்தான். ஏழு வருடமாகச் சென்னை டிவியில், வெள்ளிக்கிழமை காமெடி நிகழ்ச்சியில், மூன்றாம் மாடி அக்கா. மாடியிலிருந்து தெருவையே கத்தி மேய்க்கிற பொம்பளை. கத்திக்கொண்டே இருப்பாள், நடுவில் நிறுத்துவாள், ஒரு டப்பாவைத் திறந்து தொண்டை மிட்டாய் ஒன்றை வாயில் போடுவாள், மறுபடி இரண்டு மடங்கு கத்துவாள். டப்பாவின் முகம் கேமராவுக்கு, மனசுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணும்வரை. மிட்டாய்க் கம்பெனிக்காரன் கண்டிஷன். ஒரு டேக்குக்கு எட்டு தடவை கத்தினால் கட்டி வராமல் என்ன வரும்? இந்த மாதம் அந்தக் கம்பெனி ஒப்பந்தம் புதுப்பிக்கிறது. தொண்டை மிட்டாய் விற்கிறவளுக்கே தொண்டை போய்விட்டது என்று தெரிந்தால் அன்றோடு சரி. புரொடியூசருக்கே தெரியாது. "சொந்தத்துல கல்யாணம்" என்று லீவு. தெரிந்தவர்கள் மூன்று பேர்: நான், அவள், கோயம்புத்தூரில் படிக்கிற மகள்.

சர்ச்சுக்கு நான் மட்டும் போனேன். ஜெபக்குறிப்புச் சீட்டு எடுத்தேன். எங்கள் சபையில் அச்சடித்த சீட்டு, டிக் போட்டால் போதும்: வியாதி, வேலை, திருமணம், குழந்தை பாக்கியம், குடும்ப சமாதானம். "வியாதி" என்றால் யாருக்கு, என்ன என்று எழுதக் கோடு போட்டிருக்கும். "குடும்ப சமாதானம்" பக்கத்தில் கோடே கிடையாது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதில் டிக் போட்டுப் பேரை எழுதிப் பெட்டியில் போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே தோன்றியது.

ஜனவரி 5, திங்கள்

வேலைக்கு பெங்களூர் போகிற மாரிகுப்பம் ரயில் பத்து நிமிடம் லேட். வழக்கமான பெட்டி, வழக்கமான ஆட்கள். நிகழ்ச்சியில் அக்கா அடிக்கடி வீட்டுக்குள்ளே பார்த்து "ஏங்க!" என்று கத்துவாள். பதிலே வராது. புருஷன் முகத்தை ஏழு வருடத்தில் காட்டியதே இல்லை. அதனால் வண்டியில் என் பேர் எட்வின் இல்லை. "ஏங்க."

"ஏங்க வந்துட்டாரு, நவுந்து குந்துங்கப்பா!" என்று குமரேசன். பதினெட்டு வருடமாக எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைக்கிறவன். "இன்னா, அக்காவ ரெண்டு வாரமா காணோம்?"

"லீவுல கீறா."

பங்காருபேட்டையில் டீ. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. டீயோடு விழுங்கினேன்.

ஜனவரி 6, செவ்வாய்

கெட்டிக்காரத்தனத்தின் பலன். "வியாதி"க்கு விசாரிக்க வருகிற மாதிரி "குடும்ப சமாதான"த்துக்கும் ஒரு குழு இருக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? இதுவரை அதில் டிக் போட்டதே இல்லையே.

சாயங்காலம் ஆறு மணி. சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து மூன்று பேர், முன்னால் டோரிஸ் அக்கா. கேட் சத்தம் கேட்டதுமே ஸ்லேட்டை சோபாவுக்கு அடியில் தள்ளினேன். எழுதிப் பேசுவதைப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். இப்போது யோசித்தால், அதைத் தள்ளாமல் இருந்திருக்கலாம்.

பெனி மஃப்ளரோடு உட்கார்ந்து புன்னகைத்தாள். கேள்வி எல்லாம் அவளுக்கு, பதில் எல்லாம் நான்.

"எப்படிம்மா கீற?"

"நல்லா கீறா அக்கா."

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டா."

"அவுங்களே சொல்லட்டும் பிரதர்."

பெனி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். டோரிஸ் அக்கா அவள் கையைப் பிடித்து "பயப்படாதம்மா, நாங்க இருக்கறோம்" என்றார். மஃப்ளர் நழுவியது. குளிர்காற்று ஆகாதே என்று பெனி சட்டென்று இழுத்துக் கழுத்தை மூடினாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபத்தில் "கோபத்தின் ஆவியைக் கட்டும் ஆண்டவரே" என்று ஒரு வரி வந்தது. எனக்குத்தான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

போனதும் பெனி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். "சிரிக்காதடீ, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்று அதட்டினேன். அதற்கும் சிரித்தாள்.

ஜனவரி 8, வியாழன்

வெயில் நன்றாக அடித்தது. துணி காய்ந்தது. இதற்குமேல் நல்ல செய்தி இல்லை.

மகள் ராத்திரி போன் செய்தாள், அழுகை. ஏதோ ஒரு யூடியூப் சேனல். "மூன்றாம் மாடி அக்கா வாய் திறக்காதது ஏன்? வீட்டுக்குள் நடந்தது என்ன?" எங்கள் வீட்டு சோபா, பெனி, அவள் கழுத்து மஃப்ளரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் பாதி முகத்தோடு நான். செவ்வாய்க்கிழமை எடுத்த படம். டோரிஸ் அக்கா எடுத்திருக்க மாட்டார். மற்ற இருவரில் யாரோ, ஏதோ குரூப்பில் "ஜெபியுங்கள்" என்று போட்டது கை மாறி இருக்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது.

வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். அந்தச் சேனல் பையன் நான் அடித்தேன் என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்கிறான். கழுத்தில் என்ன? கணவர் ஏன் பேச விடவில்லை? வெறும் கேள்வி கேட்டவன்மேல் யார் குற்றம் சொல்ல முடியும்? பதிலை எல்லாம் கீழே ஜனங்களே எழுதிவிட்டார்கள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." என் மூஞ்சியில் அப்படி என்ன என்று கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வெட்கக்கேடு.

"அப்பா, நான் சொல்லிடட்டுமா? ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்கறாங்கப்பா." ஸ்பீக்கரில் கேட்ட பெனி கண்ணை மூடிக்கொண்டாள். "வேணாம்மா. இன்னும் எட்டு நாள்தான்" என்றேன்.

பெனி தன் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டாள்: "என் கணவர் தங்கமானவர். வதந்தியை நம்பாதீர்கள்." அரை மணியில் வந்தவை:

– அக்கா, போன் அவர் கைல இருக்கா?
– டைப் பண்றது அவர்தான்
– பயப்படாம ஒரு வீடியோ போடுங்க, உங்க குரல்ல சொல்லுங்க

ஜனவரி 9, வெள்ளி

வண்டியில் யாரும் "ஏங்க" என்று கூப்பிடவில்லை. இடம் இருந்தது, நிறையவே இருந்தது. குமரேசன் பேப்பர் படித்துக்கொண்டே வந்தான், ஒயிட்ஃபீல்ட் வரை ஒரே பக்கம். இறங்கும்போது மட்டும், "நெஜமாப்பா?" என்றான். "இல்லப்பா." "அப்ப இன்னா நடந்துது?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் வேலை பார்க்கிற கிடங்கில் சாவித்ரம்மா, கன்னடக்காரம்மா, தினமும் தன் டப்பாவிலிருந்து எனக்குச் சித்ரான்னம் வைக்கிறவர். இன்று டப்பாவைத் திறக்கவே இல்லை. "பசி இல்ல சார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் புரொடியூசர் போன். குஷியாக இருந்தார். நிகழ்ச்சியின் பழைய துண்டுகளை எல்லாம் ஜனங்கள் தேடித்தேடிப் பார்க்கிறார்களாம். "சார், சூப்பர் ஐடியா! வர்ற வாரம் 'ஏங்க'னு அக்கா கத்துறாங்க, முதல் தடவையா நீங்க வெளிய வர்றீங்க. ரெண்டு பேரும் ஒரே டப்பாலேருந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் போட்டுக்கறீங்க. 'இனிமே எங்க வீட்ல இனிப்பான சத்தம்தான்'னு ஒரு டயலாக். ரூமரும் முடிஞ்சுது, கம்பெனிக்கும் திருப்தி. அக்காகிட்ட குடுங்க."

"குளிக்கறாங்க."

"நேத்தும் குளிச்சுக்கிட்டு இருந்தாங்களே சார்?"

வைத்துவிட்டேன். என் மானம் ஒரு மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டுமாம். கோபம் வந்தது. ஆனால் ஒரு நிமிடம் யோசித்தும் பார்த்தேன், அதையும் எழுதி வைக்கிறேன். அப்படிச் செய்தால் நாளை குமரேசன் இடம் பிடித்து வைப்பான்.

இருட்டியதும் சபைச் செயலாளர் டேனியல் வாசலிலேயே நின்று பேசினார். "பிரதர், இந்த ஞாயிறு வேத வாசிப்பு உங்க முறை. அத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துடலாம்னு… தப்பா நெனச்சிக்காதீங்க." இல்லை என்றேன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜ் இறங்கும்போது உடம்பு கீழே போகும், வயிறு மேலேயே நின்றுவிடும் என்பார். வாசலில் நின்றபடி எனக்கு அப்படித்தான் இருந்தது.

கதவுக்குப் பின்னால் பெனி நின்றிருக்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

ஜனவரி 10, சனி

லீவு. ஸ்லேட்டில் சண்டை. எனக்குப் பேச வாய் இருந்தும் நானும் ஸ்லேட்டைப் பிடுங்கி எழுதினேன், அவ்வளவு ஆத்திரம்.

அவள்: சொல்லிடலாம்.
நான்: ஒப்பந்தம்?
அவள்: போகட்டும்.
நான்: ஏழு வருஷம் கத்தினது இதுக்கா? இன்னும் ஆறு நாள். நான் தாங்குவேன்.
அவள்: நான்?

ஸ்லேட்டை அழித்துவிட்டு எழுதினாள்: "ஏங்கன்னு உங்கள வெச்சி சிரிக்கறாங்களே, அது வலிச்சிதா?"

இந்தக் கேள்வியை ஏழு வருடத்தில் அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. "கொஞ்சம்" என்றேன். முதல் வருடம் நிறையவே வலித்தது, அதைச் சொல்லவில்லை. டிவியில் காட்டாத ஒரு புருஷனைக் கையாலாகாதவன் என்று ஊர் சிரித்தது. இப்போது அதே ஊர் அவனைக் கைநீட்டுகிறவன் என்கிறது. இரண்டு பேரையும் யாரும் பார்த்ததில்லை. இரண்டு தடவையும் ஊர் நம்பிவிட்டது. நான் எந்தக் காலத்தில் இவர்கள் கண்ணில் படுவேன்?

அவள் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வரக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுததைத்தான் பார்க்க முடியவில்லை.

பிறகு பாஸ்டர் அம்மாவுக்கு வாட்ஸாப்பில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டாள். ஆபரேஷன், டாக்டர், எல்லாம். பதில் வந்தது: "அவர் பக்கத்துல நின்னு சொல்லச்சொல்ல எழுத வேணாம்மா. நாளைக்கு சபைக்கு வா. உன் வாயால கேக்கறோம்."

டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பலாம் என்றேன். "அதையும் நம்ப மாட்டாங்க" என்று எழுதிவிட்டுப் பெனி போனை வாங்கி அணைத்து வைத்தாள்.

ஜனவரி 11, ஞாயிறு

பனி இல்லை. நல்ல குளிர். அவள் வரவேண்டாம் என்று கெஞ்சினேன், பட்டுப்புடவையே கட்டிவிட்டாள். சர்ச்சில் எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. டேனியலின் மகன் ஆராதனையை நேரலையில் போடுவதற்காகத் தூண் பக்கம் கேமரா வைத்திருந்தான். என் முறைக்கு வேறொருவர் வாசித்தார், நன்றாகத்தான் வாசித்தார்.

சாட்சி சொல்லும் நேரம், ஆண்டவர் செய்த நன்மையை மைக்கில் சொல்வார்கள். முதலில் ஒரு தாத்தா, முழங்கால் வலி போனதற்காக. அடுத்து பெனி எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கேமராவில் அதுவும் விழுந்திருக்கும், புருஷன் தடுக்கிறான் என்று. உருவிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தாள்.

"இவரு என்ன அடிக்கல. ஒருநாளும் அடிச்சதில்ல. எனக்கு தொண்டையில ஆப்ரேஷன். மிட்டாய் கம்பெனிக்குத் தெரியக்கூடாதுன்னு நாந்தான் மறைக்கச் சொன்னேன். எனக்காகத்தான் இவரு வாயத் தொறக்காம எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தாரு."

அவ்வளவுதான். கடைசி வார்த்தைகள் வெறும் காற்றாக வந்தன. டோரிஸ் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டர் ஏதோ சொன்னார், எனக்குக் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து டாக்டருக்குப் போன் செய்தேன். திட்டினார். நாளைக் காலையே வரச்சொன்னார். குரல்நாண் மறுபடி கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், வாருங்கள் பார்க்கலாம் என்றார். புரொடியூசர் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார், எடுக்கவில்லை. குமரேசன் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். "இன்னும் அஞ்சு நாள்டீ, அஞ்சே நாள்" என்று பெனியை எத்தனை தடவை ஏசினேன் என்று எனக்கே தெரியாது. அவள் ஸ்லேட்டைத் தள்ளி வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். மைக்கில் அவள் முதல் வார்த்தை கேட்டபோது, கரகரவென்று, ஆண்குரல் மாதிரி, வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவன் திரும்பிப் பார்த்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.