ரசமட்டம் பொய் சொல்கிறது என்று சொன்னேனே

சார்,

நான் அப்போதே சொன்னேன். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய் உள்ளேயே சமைத்துத் தூங்கினோமே, அந்த நம் டிரெய்லரில் நீங்கள் ஒட்டிய ரசமட்டம் பொய் சொல்கிறது என்று, ஒட்டியபின் போன பயணத்திலேயே உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். போன சனிக்கிழமை, லிவர்மோரில் உங்கள் வீட்டு வாசலிலேயே, மூன்று பேர் முன்னிலையில் அது நிரூபணமாகிவிட்டது. நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். காரணம் மட்டும் கொஞ்சம் தவறிவிட்டது. அதற்கு வருகிறேன்.

உங்கள் தலைத்திவசம் முடிந்த கையோடு உங்கள் மனைவி, எனக்கு அக்கா, போன் பண்ணினார். "தம்பி, டிரெய்லர வித்துடலாம்னு இருக்கேன். பாக்க ஆள் வருது. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது, நீங்க கூட இருங்க." ஃப்ரீமான்ட்டிலிருந்து மலை ஏறி வந்து சேர்ந்தேன். டிரெய்லர் நீங்கள் கடைசியாக நிறுத்தியபடியே, இடது சக்கரங்கள் கட்டை மேல் ஏறியபடி, வீட்டுப் பக்கவாட்டில் நின்றது. அடிப்பக்கச் சாமான் கதவைத் திறந்தேன். வெயிலில் வெந்த பிளாஸ்டிக் வாசனை, கூடவே கடல் மணல், எப்போதோ சிந்திய நல்லெண்ணெய். மிச்ச மஞ்சள் கட்டைகள் அடுக்கியபடியே இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்ததும் நீங்கள் பின்னால் நின்று "யோவ் மேஸ்திரி" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

அந்தக் கட்டைகளை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? டிரெய்லரை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் எந்தத் தரையும் மட்டமாக இருப்பதில்லை, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றினால்தான் டிரெய்லர் நேராக நிற்கும் என்று நீங்கள் கடைக்குக் கூட்டிப்போனீர்கள். கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே காலி! குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்பு, நடுவே காற்று.

"சார், ஏமாத்துறான். உள்ள ஒண்ணுமே இல்ல."

"தடுப்பு இருக்குல்லய்யா, அதுதான் எடையத் தாங்குது."

"பேசாம பலகை வாங்கி அறுத்துக்கலாம் சார். மரம் பொய் சொல்லாது."

"மரம் தண்ணி குடிக்கும், கனக்கும். தூக்கப்போறது நீதான்."

தூக்கப்போவது நான் என்றதும் பிளாஸ்டிக்கே போதும் என்று விட்டுக்கொடுத்தேன். ஆனால் கடையிலேயே ஒரு கட்டை மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். கடைக்காரன் முறைத்தான். நான் திரும்ப முறைத்த முறையில் அவன் மேனேஜரே ஓடிவந்து கைகொடுத்தார். ஜல்லித் தரையில் இது உடையும் என்று அன்றே சொன்னேன். முதல் பயணத்திலேயே ஒன்று படாரென்று உடைந்ததா இல்லையா? அடியில் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டுவிட்டு அதன் மேல் கட்டையை அடுக்க வேண்டும், டயரின் முழு அகலமும் கட்டை மேல் உட்கார வேண்டும், ஒரே பக்கத்து இரண்டு சக்கரமும் சேர்ந்தே ஏற வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு நானே கண்டுபிடித்தது. பெட்டி மேலேயே அச்சடித்திருந்ததாக நீங்கள் சொன்னீர்கள். நான் பெட்டியைப் பார்க்கவில்லை.

மேஸ்திரி என்ற பெயரும் அந்தப் பயணத்தில் வந்ததுதான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவன் நான். முடிக்கவில்லை, அது வேறு கதை. ரசமட்டத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்கு விளக்கினேன். அந்தக் காலத்துக் கோயில் மேஸ்திரிகள் ஈயச் சொம்பு நிறைய ரசம் ஊற்றிச் சுவர் மேல் வைப்பார்கள், எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் தாழ்வு என்றேன். மூக்கில் காபி ஏறும்வரை சிரித்தீர்கள்.

"யோவ், அது பாதரசம்யா! மொளகு ரசம் இல்ல!"

லேபில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சார், மிளகு ரசத்தாலும் மட்டம் பார்க்க முடியும் என்பதை நான் பிறகு காட்டினேன் இல்லையா?

முதல் பயணம் முடிந்து வந்ததும் டிரெய்லரின் முன்புறம் இருந்த, குமிழி ஓடி மட்டம் காட்டும் பழைய ரசமட்டம் வெளிறிவிட்டது என்று புதியதை ஒட்டினீர்கள். என்னைக் கூப்பிடவில்லை. வண்டியை ஓட்டுவது நீங்கள், "வா வா வா, நிறுத்து" என்று கைகாட்டிக் கட்டை மேல் ஏற்றுவது நான். மட்டம் பார்ப்பவன் இல்லாத நேரம் பார்த்து மட்டத்தை ஒட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அடுத்த பயணம் கடற்கரை கேம்ப்கிரவுண்டுக்கு. இடது பக்கம் கட்டை அடுக்கி, குமிழி இரண்டு கோட்டுக்கு நடுவில் வரும்வரை ஏற்றி நிறுத்தினேன். உள்ளே போய் தோசைக்கல்லைப் போட்டேன். எண்ணெய் வலது பக்கம் இருந்த வாசலை நோக்கி ஓடியது. நான் மாவு வியாபாரி சார். மோரி அவென்யூ மளிகைக் கடைகளில் என் மாவுதான் நிற்கிறது. கல் சாய்ந்திருக்கிறதா, வண்டி சாய்ந்திருக்கிறதா என்பது எனக்குத் தெரியாதா? கல்லைத் திருப்பி வைத்தேன். எண்ணெய் மறுபடி வாசல் பக்கம்.

"சார், உங்க ரசமட்டம் பொய் சொல்லுது."

"உன் தோசைக்கல்லு கோணல்யா."

விடுவேனா? கிண்ணத்தில் விளிம்பு வரை மிளகு ரசம் ஊற்றி மேடையில் வைத்தேன். வாசல் பக்கம் வழிந்தது. பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் திரண்டு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். நீங்கள் வந்தீர்கள். கிண்ணத்தைப் பார்த்தீர்கள். "மேஸ்திரி, உன் ரசந்தான்யா சரி" என்று தோளில் தட்டினீர்கள். அடுத்த நிமிஷம் கிண்ணத்தை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டீர்கள். தடயத்தைக் குடிக்கிறாரே என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஒப்புக்கொண்டவர் ஏன் ரசமட்டத்தை மாற்றி ஒட்டவில்லை?

இன்னொன்றும் இருந்தது. ரசமட்டம் ஒட்டுவதற்குச் சில நாள் முன்பு பிரேக் பார்க்க டிரெய்லரைத் தனியாக இழுத்துப்போனீர்கள். திரும்பி வந்தபோது பின்விளக்கு ஒன்று மட்டும் புத்தம்புதிது. கேட்டேன். "அது ஒண்ணுமில்லய்யா" என்றீர்கள். எங்கேயோ இடித்துவிட்டார், அடிச்சட்டம் வளைந்துவிட்டது, அதை மறைக்கத்தான் ரசமட்டத்தைச் சாய்த்து ஒட்டியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். பாதி டிரெய்லர் என்னுடையது அல்லவா? இத்தனை வருஷமும் உங்களோடு சீட்டாடினேன், சாப்பிட்டேன், சிரித்தேன். உள்ளே அந்தச் சந்தேகத்தை மட்டும் ஊறவைத்த உளுந்து மாதிரி வைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூடக் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தவன் ஃப்ரீமான்ட்டில் வேலை பார்க்கும் சின்னப் பையன். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது, அதற்காகத்தான் டிரெய்லர் என்றான். நல்ல பையன், ஆனால் என்னைவிடச் சந்தேகக்காரன். முன்புற ரசமட்டத்தைப் பார்த்தான், குமிழி நடுவில். உள்ளே போய், போனில் மட்டம் காட்டும் ஆப்பைத் திறந்து தரையில் வைத்தான்.

"அங்கிள், ஆப் வேற சொல்லுது. லெஃப்ட் சைடு ஹையா இருக்கு. ஃபிரேம் பெண்ட் ஆயிருக்கா? ஆக்சிடென்ட் வண்டியா?"

 இத்தனை நாள் நான் நினைத்ததை அந்நியன் ஒருவன் வாய்விட்டுக் கேட்கிறான். சரிதான் என்று சொன்னால் வியாபாரம் போகும், அது போகட்டும். உங்கள் பெயர் போகுமே சார், அதுவும் அக்கா காதுபட. "எங்க சார் ஒரு நாளும் அப்படிச் செய்யமாட்டார்" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

அக்கா காபியோடு வந்தார். "என்ன தம்பி சத்தம்?"

பையன் போனைக் காட்டினான். நான் பின்விளக்கைச் சொன்னேன்.

"ஐயோ, அந்த லைட்ட ஒடச்சது நான். கார ரிவர்ஸ் எடுக்கறப்ப இடிச்சுட்டேன். வெளிய சொல்லாதீங்கன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்" என்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரசமட்டம் வேற கதை. அத அவர் வேணும்னேதான் சாய்ச்சு ஒட்டினார். உங்களுக்காக."

"எனக்கா?"

"மொத டிரிப்புல படுத்தா ஒரே ஏப்பம், இருமல். தலப்பக்கம் ஒசத்திப் படுக்கணும்னு டாக்டர் சொன்னதா உங்க வீட்டுல சொன்னாங்க. நீங்க ரெண்டு தலகாணி வைக்கமாட்டீங்களாமே, கெழவன் மாதிரி இருக்கும்னு? 'அவன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவான். ரசமட்டத்தையே சாய்ச்சு ஒட்டிட்டா, அந்த மேஸ்திரி அவனே சரியா சாய்ச்சு நிறுத்திப்பான்'னார்."

என் படுக்கையில் தலை இடது சுவர்ப்பக்கம். நான் கட்டை அடுக்கியதும் இடது பக்கம். ஒவ்வொரு பயணத்திலும் குனிந்து, கைகாட்டி, குமிழியை நடுவில் கொண்டுவந்து, நானே எனக்குத் தலையணை வைத்துக்கொண்டிருக்கிறேன். கடற்கரைக் காற்று ஒத்துக்கொள்கிறது, நெஞ்செரிச்சலே இல்லை என்று உங்களிடமே பெருமையடித்தேன். நீங்கள் "ஆமாய்யா, காத்து நல்ல காத்து" என்றீர்கள்.

பையன் நம்பவில்லை. அவன் டிரக்கில் டிரெய்லரை மாட்டச் சொன்னேன். இடது பக்கத்தில் ஒரு அடுக்குக் கட்டையைக் குறைத்து, "வா வா வா, நிறுத்து" என்று கைகாட்டினேன். போன் சைபர் காட்டியது. ரசமட்டத்தின் குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. "ஸோ, ஒரு பிளாக் டிஃபரன்ஸ். ஃபிரேம் ஓகே" என்றான். பிறகு, "அங்கிள், இந்த லெவல நேரா ஒட்டிக் குடுங்க" என்றான். கத்தியால் பக்குவமாகப் பெயர்த்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கி ஒட்டினேன். இந்த முறை நேராக. வண்டி போய்விட்டது சார். அக்கா தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்க்கவில்லை, கண்ணில் தூசி. லிவர்மோர் காற்று தெரியும்தானே.

கட்டைகளில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது ஃப்ரீமான்ட்டில் என் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இருக்கின்றன. கட்டிலின் பக்கச் சட்டத்தில் உங்கள் ரசமட்டம், நீங்கள் ஒட்டிய அதே சாய்வில். குமிழி நடுவில் நிற்கிறது. பொய்தான், ஆனால் நன்றாகத் தூங்குகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் சார். "உன் ரசந்தான்யா சரி" என்று நீங்கள் சொன்னதாக அக்காவிடம், அந்தப் பையனிடம், மோரி அவென்யூவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இந்த மடலிலும் எழுதிவிட்டேன். நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை, நான் சேர்த்துக்கொண்டது. என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்துவிட்டு நீங்கள் சொன்னது வேறு.

"மொளகு ரசம் உனக்கு ஆகாதுய்யா."