பஞ்சுவின் விலாவில் ஒரு சதுரம்

காட்டூர், திருச்சி
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இளவேனிலுக்கு,

நானும் அம்மாவும் சுகம். பஞ்சுவும் சுகம். அங்கே எட்மண்டனில் நீ சுகமா என்பது மட்டும் போன வாரத்திலிருந்து தெரியவில்லை. போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் எழுதினால் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். அதனால்தான் காகிதம். வந்து சேர நாளாகும், ஆகட்டும். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

பூனையை விமானத்தில் ஏற்ற இனமும் நிறமும் எழுதிய டாக்டர் சான்று வேண்டும், பஞ்சுவை வீடியோவில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள் என்று நீதான் கேட்டாய். காட்டினேன். கறுத்த மூக்கு, கறுத்த காது, நீலக் கண், வால். எல்லாம் சரி என்றாய். இடது விலாவைத் திருப்பினேன். உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பழுப்பு. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாய். பிறகு, "இது பஞ்சு இல்லப்பா. பஞ்சுவுக்கு உடம்பெல்லாம் வெள்ளை. தொலைச்சிட்டு வேற பூனையக் காட்டுறீங்க. இத நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றாய். வைத்துவிட்டாய்.

உன்மேல் கோபமில்லை பாப்பா. ஆபரேஷனுக்காக மழித்த இடத்தில் முடி கறுப்பாக வளர்ந்ததை நாங்களும் பார்த்தோம், மருந்தினால் இருக்கும் என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உன் போனுக்குப் பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆபரேஷன் அன்னைக்கு அங்க நாலஞ்சு பூனை இருந்துச்சுங்க. கூடை மாறிப்போச்சோ என்னமோ" என்றாள். அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அது கூப்பிடாமலே வந்து காலடியில் உட்கார்ந்தது.

கூடையில் வைத்து மூடி, தில்லை நகரில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, உள்ள இருக்கிறவருக்கு டிக்கெட் வேணாமா?" என்றார். அம்மா விடுவாளா? "அதுக்குக் கனடாவுக்கே டிக்கெட் போடறாங்க, நீங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கேக்கறீங்க" என்றாள். பஸ்ஸே சிரித்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கு, கூட்டிப்போக மாட்டேன் என்று நீ சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் நிஷாவிடம் போனதும் போகாததுமாக, "டாக்டரம்மா, எங்க பூனைய மாத்திக் குடுத்திட்டீங்க" என்று ஆரம்பித்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்தப் பெண் கோபப்படவில்லை. பஞ்சுவை மேசையில் விட்டு, கறுத்த முடியை இரண்டு விரலால் பிரித்தாள். உள்ளே மெல்லிய தழும்பு. "இது நான் போட்ட தையல்மா. கறுப்போட ஓரத்தப் பாருங்க, நேர்க்கோடு. முடி மழிக்கிற மெஷின் ஓடின கோடு. எந்தப் பூனையாவது சதுரமா மச்சத்தோட பொறக்குமா?" என்றாள். பிறகு கேட்டாள்: "தையல் ஆறற வரைக்கும் எங்க வச்சிருந்தீங்க?"

புழுக்கம் ஆகாது, தையலில் சீழ் பிடிக்கும், ஏசி போட்டு வையுங்கள் என்று நீ சொல்லியிருந்தாய். ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறந்த வாரம் அது. உன் அறையில் பதினெட்டில் வைத்தோம். இரவும் பகலும். முடி வளர்ந்து மூடும்வரை நிறுத்தவே இல்லை. நாங்கள் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுத்தோம். அதற்குத் துணையாக நான் அவ்வப்போது உள்ளே போய் உட்காருவேன், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு. இதைச் சொன்னதும் டாக்டர், "மார்கழில ஏசியா? அதுக்கு ஃப்ரிட்ஜ்லயே வச்சிருக்கலாமே சார்" என்று சிரித்தாள்.

பிறகு சொன்னாள். இது சுத்தமான சாதிப் பூனை இல்லை. நாட்டுப் பூனைதான். ஆனால் முன்னோரில் எங்கோ ஒரு சயாமிஸ் வகைப் பூனை இருந்திருக்கிறது. அந்த வகையின் உடம்பில் நிறத்தை உண்டாக்கும் பொருள் குளிர்ச்சியில் மட்டும்தான் வேலை செய்யும். ரத்தம் சூடாக ஓடுகிற நெஞ்சிலும் முதுகிலும் அது சும்மா இருக்கும். காது, மூக்கு, பாதம், வால் நுனி எல்லாம் உடம்பின் குளிர்ந்த ஓரங்கள். அங்கே கறுப்பு. மழித்த விலாவை ஏசி தொட்டது. அங்கேயும் கறுப்பு.

பொன்மலை ரயில் பட்டறையில் ஸ்பிரிங் பட்டைகளுக்குச் சூடு பார்த்தே காலம் போனது எனக்கு. எஃகு வைக்கோல் நிறமாகும், பழுப்பாகும், நீலமாகும். நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்வேன். குளிர் நிறமாக மாறுவதை இப்போதுதான் பார்க்கிறேன். உயிருள்ள தோலில். என் மடியில்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் பழக்கடைக்குப் பின்னாலிருந்து நீ இதைக் குட்டியாகத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தபோது ஒரு கறுப்பு முடி கிடையாது. அப்போது மட்டும் ஏன் முழு வெள்ளை என்று டாக்டரிடம் கேட்டேன். "தாய் வயித்துக்குள்ள எல்லா இடமும் ஒரே சூடு சார். குளிர்னா என்னன்னே அதுக்குத் தெரியாது" என்றாள்.

வெள்ளை என்பது இன்னும் குளிர் தொடாத இடம். அவ்வளவுதான். இத்தனை நாள் மடியில் வைத்துத் தடவியும் இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அம்மா, "வா பஞ்சு" என்று கூடையைத் திறந்தாள். திரும்பும்போது பஸ் காந்தி மார்க்கெட் தாண்டும்வரை கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். அப்புறம், "அங்க மைனஸ் முப்பதுன்னு பாப்பா சொன்னாளே" என்றாள்.

இனம் கலப்பு, நிறம் வெளிர் உடம்பு, ஓரங்கள் கரும்பழுப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வெயில் காலத்தில் பழைய முடி உதிர்ந்து வெளிராக வளருமாம். நீ என் பேச்சை நம்ப வேண்டாம். சித்திரையில் வரும்போது உன் விரலால் முடியைப் பிரித்துப் பார், தழும்பு இருக்கும். அதற்குப் பிறகு கூட்டிப்போவதா வேண்டாமா என்று முடிவு செய். உன் ஊர்க் குளிரில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு முழுக்கக் கறுத்தாலும் கறுக்கும் என்கிறாள் டாக்டர். அப்போதும் அது இதே பூனைதான், அதை மறந்துவிடாதே.

காலுறை இரண்டு போட்டுக்கொள். பருப்புப் பொடி தீர்ந்திருந்தால் சொல், அம்மா அரைத்து வைப்பாள். ராத்திரி வெறும் பிரெட் தின்றுவிட்டுப் படுக்காதே. சமயபுரத்தாள் உன் கூடவே இருந்து காப்பாள். எங்கள் இருவரின் ஆசிகள். போனை எடு, அம்மாவிடமாவது பேசு.

இதை ஒட்டுவதற்கு முன் பஞ்சுவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். சதுரத்தின் நடுவே ஒரு முடி. ஒன்றே ஒன்று. வெள்ளை.

இப்படிக்கு,
உன் அப்பா
மாத்ருபூதம்