பதினொரு திறப்புகள்

மார்ச் 4, செவ்வாய். காலை 9.40. பதினொரு திறப்புகள்.

அமெரிக்காவின் டுலூத்தில், ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் லோர்னா ஹாகனின் வீடு. பன்னிரண்டு நாளாக 'விரைவில் விற்பனைக்கு' என்ற நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் இருபத்தொரு நாள்வரை வைக்கலாம்; பலகை நடலாம், படம் போடலாம். வாங்க வருபவர் ஒருவரைக்கூட உள்ளே அழைத்துப் போய்க் காட்டக் கூடாது. ஒருவருக்குக் காட்டினால் அன்றே எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முகவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களை மட்டும் பின்வாசல் வழியாக விட்டு விற்று முடித்துவிடுவார்கள். நல்ல விதி.

கதவில் தொங்கும் சாவிப் பெட்டி ஒவ்வொரு திறப்பையும், விற்பனை வீடுகளின் பட்டியலை நடத்தும் எங்கள் அலுவலக சர்வருக்குச் சொல்லிவிடும். நான் எழுதிய நிரல் பிடித்துவிட்டது: பதினொரு நாள், தினமும் மாலை நான்கு மணி, பெட்டியைத் திறக்கத் தினமும் வேறொரு ஒருநாள் எண். அதாவது பதினொரு வேறு வேறு ஆட்கள். முகவர் மார்லிஸ் கோட்டிலா. தொழிலில் முப்பது வருடம். திருட்டுக்கும் அனுபவம் வேண்டுமே.

நோட்டீஸ் அனுப்பினேன். இருபத்து நான்கு மணி நேரம், பதில் எழுத்தில்.

மார்ச் 5

எழுதவில்லை. குரல் செய்தி விட்டிருக்கிறார். இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி! "தம்பி, நான் மார்லிஸ். டைப் அடிக்கறதெல்லாம் எனக்கு ஆகாது, வாயால சொல்லிடறேன். என்னா பனிடா சாமி, காரை எடுக்கவே—" நிறுத்திவிட்டேன். ஒன்பது விநாடி.

9.41க்கு வீட்டை 'விற்பனையில்' என்று மாற்றினேன். மதியத்துக்குள், வீடு பார்க்கச் சனிக்கிழமைக்கு ஒன்பது முன்பதிவு.

மார்ச் 7

மார்லிஸ் போன் செய்தார்.

"தம்பி, நான் விட்ட மெசேஜைக் கேட்டியா இல்லியா?"

"கேட்டேன்."

"முழுசா?"

"கேட்டேங்க. பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க, இல்ல கதவைத் திறங்க. எடுத்தீங்கன்னா முப்பது நாளைக்கு மறுபடி போட முடியாது."

"மாசக் கடைசிக்குள்ள வித்தாகணும்பா லோர்னாவுக்கு. அவ வாங்கப் போற வீட்டோட ஓனர் அதுக்கு மேல காத்திருக்க மாட்டான்."

"அப்ப கதவைத் திறங்க."

"எல்லாம் கேட்டும் இப்படிச் சொல்றே. சரி" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 8, சனி

நாலாவது குடும்பம் உள்ளே வந்ததும் டேல் ஓடிவிட்டானாம். கோட்டு இல்லை, வெறும் காலுறை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று. மார்லிஸ்தான் மூச்சிரைக்கச் சொன்னார்.

"டேல் யாரு?" என்று கேட்டேன்.

மார்லிஸ் மெதுவாக: "கேட்டேன்னு சொன்னியே, தம்பி."

அந்தக் குரல் செய்தியை இப்போதுதான் முழுக்கக் கேட்டேன். டேல் லோர்னாவின் மகன். முப்பத்தாறு வயது. பேச்சு குறைவு, புது ஆள் என்றால் நடுக்கம். மாடிப்படி அம்மாவுக்கு ஆகவில்லை, இருவருக்குமாகத் தரைத்தள வீடு பார்த்திருக்கிறார்கள். விற்பதானால் அந்நியர்கள் வந்துதான் தீருவார்கள். அதனால் மார்லிஸ் தினமும் நான்கு மணிக்குத் தன் சர்ச்சிலிருந்து ஒருவரை அனுப்பியிருக்கிறார். வீடு வாங்க அல்ல. மணியடித்து, டேல் சரி என்றால் சாவிப் பெட்டியைத் திறந்து உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர. "அந்தப் பெட்டி டக்குன்னு திறக்கற சத்தமே அவனுக்கு ஆகாது. இப்ப பரவால்ல. பத்தாவது ஆளுக்கு பிஸ்கட் நீட்டினான், தெரியுமா! இன்னும் ஒரு வாரம் குடுப்பா."

இன்னும் ஒரு வாரம். விதியிலேயே மிச்சம் ஒன்பது நாள் இருந்தது. பதினொன்றில் ஒன்றுகூட விதிமீறல் இல்லை.

ஏன்டா கேட்டேன்னு சொன்ன? யாரு கழுத்துல கத்தி வெச்சா?

மார்ச் 9

நேற்றிரவே கிடைத்துவிட்டான். பக்கத்து வீட்டுப் படகில், தார்ப்பாய்க்கு அடியில். மூன்று மணி நேரம் பத்து நிமிடம் குளிரில் இருந்திருக்கிறான். இரண்டு கால்விரல்கள் கறுத்திருக்கின்றன. டாக்டர் இன்னும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

மார்ச் 10

அந்தப் பதினொரு திறப்புகளுக்காக வியாழனன்று மார்லிஸ் மீது விசாரணை. உரிமம் நிறுத்தி வைக்கப்படலாம். என் மேலாளர் ரெனே தோளைத் தட்டினாள். "நிரல் வேலை செஞ்சுது, விதி வேலை செஞ்சுது. அவங்க எழுதி அனுப்பல. உனக்கு ஏன்டா மூஞ்சி தொங்குது? பேசாம இரு."

தலையாட்டினேன். ஆட்டினேன்தான். பிறகு கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 12

பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. குரல் செய்தியை நாளைக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 13

ஐந்து பேர் குழு. நான் எழுந்து, இரண்டு நிமிடம் பதினான்கு விநாடியையும் போட்டுக் காட்டினேன். 'பரவால்ல' என்ற இடத்தில் மார்லிஸ் குனிந்துகொண்டார். "இதில் நான் கேட்டது ஒன்பது விநாடி. முழுக்கக் கேட்டதாக அவரிடம் பொய் சொன்னேன்" என்றேன். ரெனே கூரையைப் பார்த்தாள்.

மார்லிஸ் மீதான புகார் தள்ளுபடி. வீடு மறுபடி 'விரைவில்', மீதி ஒன்பது நாளுடன். என் வேலையைப் பற்றி அடுத்த வாரம் சொல்வார்களாம். சொல்லட்டும்.

மார்ச் 14

விரல்கள் பிழைத்துவிட்டன. ஆனால் டேல் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கதவடியிலேயே உட்கார்ந்திருக்கிறான். சர்ச் ஆட்களையும் விடவில்லை.

மன்னிப்புக் கேட்க மார்லிஸைக் கூப்பிட்டேன். பாதியிலேயே வெட்டினார். "அதை லோர்னா கிட்ட சொல்லு, எனக்கெதுக்கு? என் ஆளுங்க பதினொரு பேரும் அவனுக்குப் பழசாயிட்டாங்க. இப்ப ஒரு புது ஆளு வேணும். வருவியா, மாட்டியா?"

"நானா? என்னாலதானே அவன்—"

"ஆமா, உன்னாலதான். மூஞ்சி தெரியுமா அவனுக்கு? தெரியாதுல்ல? ஷூவைக் கழட்டிட்டு வா."

இனி செய்ய வேண்டியவை:

1. நிரலைத் திருத்துவது. ஒரு மனிதர் மறுபக்கத்தை முழுக்கக் கேட்டு முடிக்காமல் எந்த வீட்டின் நிலையும் மாறக் கூடாது. வேலை போவதற்குள் முடிக்க வேண்டும்.
2. லோர்னாவிடம் நேரில் சொல்வது. 'கேட்டேன்' என்ற பொய்யையும் சேர்த்து.
3. திங்கள் மாலை நான்கு மணி. மணியை ஒரே ஒரு முறை அடிப்பது. காத்திருப்பது. கடிகாரம் பார்க்காமல்.
4. அவன் சரி என்றால் மட்டும் பெட்டியில் கைவைப்பது.
5. வேண்டாம் என்றால் படியிறங்கி வந்துவிடுவது. செவ்வாய் நான்கு மணிக்கு மறுபடி போவது.